இன்னும் மூடாத கணக்கு

நீலகிரி மலைச்சரிவில் ஒரு பழங்குடிக் குடியிருப்பு. மருத்துவ முகாமின் மேசையில் வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள். விரல் நுனியில் ஊசி குத்தி எடுத்த ஒரு சொட்டுக்கும் குறைவான ரத்தத்தைக் குழாயில் உள்ள கரைசலில் விடுகிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து, கறுப்புக் கோடுகள் அச்சிட்ட ஓர் அட்டையின் முன்னால் குழாயைப் பிடித்துப் பார்க்கிறார்கள். குழாய் வழியே கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் கவலை இல்லை. கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்துபோனால், அந்த ரத்தத்தில் அரிவாள் செல் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பொருள்.

அந்தக் கலங்கலுக்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து. அம்மா வழியில் 300 கோடி, அப்பா வழியில் 300 கோடி என டிஎன்ஏ எழுத்துகளை நாம் சுமந்துகொண்டிருக்கிறோம். அவற்றில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைக் கட்டச் சொல்லும் பகுதியில் ஓரெழுத்து மாறிவிட்டது. அதனால் 146 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்ததும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான இழைகளாகின்றன. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு, கதிர் அறுக்கும் அரிவாளைப்போல் வளைகிறது. வளைந்த செல்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும்போது எலும்பும் மூட்டும் நொறுங்குவது போன்ற வலி வரும். இந்த எழுத்து பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த குழந்தைக்குத்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்த நபர் வெறும் கடத்தி. பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடுவார்.

நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த ஹீமோகுளோபின் இருப்பதை ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952இல் அறிவித்தார்கள். இந்தியாவில் அரிவாள் செல் பற்றிய முதல் அறிவிப்புகளில் அதுவும் ஒன்று. சில குழுக்களில் பத்தில் மூன்று பேர் அளவுக்குக் கடத்திகள் இருந்தார்கள். இவ்வளவு கொடிய எழுத்து எப்படி இத்தனை பேரிடம் தங்கியது? நோய் கண்ட குழந்தைகள் வளர்ந்து ஆளாகும் முன்பே இறந்திருக்கும். அவர்களோடு அந்த எழுத்தும் தேய்ந்து மறைந்திருக்க வேண்டும் அல்லவா?

விடையின் முதல் நுனி ஆப்பிரிக்காவில் கிடைத்தது. கென்யாவில் வளர்ந்த மருத்துவர் அந்தோணி அல்லிசன், 1949இல் அங்கே பல இன மக்களின் ரத்தத்தைச் சேகரித்தார். கடலோரத்திலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் கடத்திகள். மலைமேட்டில் வாழ்பவர்களிடம் நூற்றில் ஒருவர்கூட இல்லை. மலேரியாக் கொசு எங்கே அதிகமோ அங்கேதான் அரிவாள் செல்லும் அதிகம். கடத்திகளை மலேரியா அவ்வளவாகத் தாக்குவதில்லை என்று 1954இல் அவர் காட்டினார். ஒரு நகல் மட்டும் உள்ள குழந்தைக்குக் கடும் மலேரியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம் குறைகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. தலசீமியா என்ற இன்னொரு ரத்த நோய்க்கும் மலேரியாவுக்கும் இப்படியொரு தொடர்பு இருக்கலாம் என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஊகித்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அதே ஹால்டேன்.

ஒரு நகல் உயிர் காக்கிறது. இரண்டு நகல் உயிர் வாங்குகிறது. கொசு நிறைந்த காட்டோரத்தில் வாழ்ந்த தலைமுறைகளில் இரண்டும் சேர்ந்து ஒரு சமநிலைக்கு வந்திருக்கின்றன. மனிதப் பரிணாமம் என்றதும் நாம் குகை ஓவியங்களையும் மண்டையோடுகளையும் நினைக்கிறோம். அது இதோ இந்தக் கண்ணாடிக் குழாயில், உயிரோடு நம் எதிரே நிற்பவரின் ரத்தத்தில் இருக்கிறது.

இரண்டு சொற்களின் மயக்கம்

நம்மிடம் இன்னும் பரிணாமம் நடக்கிறதா? இந்தக் கேள்விக்குள் போகுமுன் தமிழில் நாம் அன்றாடம் புழங்கும் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதல் சொல் ‘பரிணாம வளர்ச்சி’. வளர்ச்சி என்றதும் கீழிருந்து மேலே போவது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது ‘இயற்கைத் தேர்வு’. தேர்வு என்றால் நமக்குப் பரீட்சைதான் ஞாபகம் வரும். இயற்கை கேள்வித்தாள் கொடுத்து, கெட்டிக்காரர்களைப் பொறுக்கி எடுப்பதாக ஒரு படம் எழும். இரண்டுமே தவறான படங்கள்.

உயிரியல் சொல்வது இவ்வளவுதான். ஒரு மக்கள் கூட்டத்தில் ஒரே மரபணுவுக்குப் பல வடிவங்கள் இருக்கின்றன. தலைமுறை மாறும்போது அவ்வடிவங்களின் பங்கும் மாறினால் அது பரிணாமம். ஒரு வடிவத்தைக் கொண்டவர்கள், அந்த வடிவத்தின் காரணமாகவே, மற்றவர்களைவிடக் கூடுதல் வாரிசுகளை விட்டுச்சென்றால் அது இயற்கைத் தேர்வு. மேலே, கீழே என்ற திசை இதில் இல்லை. மதிப்பெண்ணும் இல்லை. இருப்பது ஒரு வாரிசுக் கணக்கு மட்டும்.

அந்தக் கணக்கு மூடப்பட்டுவிட்டது என்று நம்பியவர்கள் உண்டு. பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரைக் காப்பாற்றி வளர்க்கக் கற்றுக்கொண்டதுமே மனித இனம் இயற்கைத் தேர்வை நிறுத்திவிட்டது என்ற கருத்தை 2013இல் இயற்கை ஆவணப்படங்களின் முன்னோடி டேவிட் அட்டன்பரோ சொன்னார். அதில் ஓர் உண்மை இருக்கிறது. மனித வரலாற்றின் பெரும்பகுதியில், பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதி பெரியவர்களாகும் முன்பே இறந்தன. இன்று உலக அளவில் ஐந்து வயதுக்குள் இறப்பது நூற்றில் நான்குக்கும் குறைவு. தடுப்பூசியும் சுத்தமான குடிநீரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் செய்த மகத்தான வேலை இது.

ஆனால் வாரிசுக் கணக்குக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. யார் பிழைத்தார்கள் என்பது ஒரு பக்கம். பிழைத்தவர்களில் யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது மறுபக்கம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்று 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறை சொன்னது. சராசரி குறைந்துவிட்டாலும் வேறுபாடு போய்விடவில்லை. ஒரே தெருவில் ஒருவருக்கு மூன்று, ஒருவருக்கு ஒன்று, ஒருவருக்கு இல்லவே இல்லை. இந்த வேறுபாட்டில் துளியளவாவது மரபணுவின் பங்கு இருந்தால் போதும், கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். முதல் பக்கமும் முழுதாக மூடிவிடவில்லை: மலேரியா இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சம் உயிர்களைக் கொள்கிறது, அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

பால் செரித்த கதை

துளியளவு பங்கு போதுமா என்ற ஐயம் நியாயமானது. வட்டிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு மரபணு வடிவம் தலைமுறைக்கு 2 சதவீதம் மட்டும் கூடுதல் வாரிசுகளைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரிதாக இருக்கும் அந்த வடிவம் 100 தலைமுறையில் ஏழு மடங்காகப் பெருகியிருக்கும். 100 தலைமுறை என்பது எவ்வளவு காலம்? கீழடியில் பானை வனைந்தவர்களுக்கும் நமக்கும் நடுவே ஏறக்குறைய அவ்வளவுதான்.

பால் குடிக்கும் திறன் இப்படிப் பெருகிய ஒன்று. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் அநேகமாக எல்லாப் பாலூட்டிகளின் குடலிலும் அது தாராளமாகச் சுரக்கும். பால் மறந்த பிறகு அந்த மரபணுவின் வேலை அடங்கிவிடும். பாலூட்டிகளுக்கான பொது விதி இது. இன்றும் உலகின் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைவு. பச்சைப் பால் ஒரு தம்ளர் குடித்தால் வயிறு உப்பும், கடமுடவென்று சத்தம் போடும், சிலருக்குப் பேதியாகும்.

மீதியுள்ள ஒரு பங்கினரிடம், லாக்டேஸ் மரபணுவுக்குச் சற்றுத் தள்ளி ஓரெழுத்து மாறியிருக்கிறது. அணைய வேண்டிய விளக்கு ஆயுள் முழுக்க எரிகிறது. ஐரோப்பாவில் பரவிய மாற்றம் ஒன்று. கிழக்கு ஆப்பிரிக்கக் கால்நடை மேய்ப்பர்களிடம் பரவியது வேறொன்று. தனித்தனியாகத் தோன்றி, ஒரே பலனைத் தந்த மாற்றங்கள். இந்தியாவில் பரவலாகக் காணப்படுவது ஐரோப்பியரிடம் உள்ள அதே எழுத்துமாற்றம். வடமேற்கில் அதிகம், தெற்கும் கிழக்கும் வர வரக் குறைகிறது. நம் ஊரில் பாலைத் தயிராக்கி, கடைந்து மோராக்கிக் குடித்தார்கள். லாக்டோஸின் ஒரு பகுதியை உறை மோரில் உள்ள நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன. மரபணு மாறாதவர்களுக்கும் வயிறு தாங்கும்.

இதில் இன்னொரு புதிரும் இருக்கிறது. பண்டைய ஐரோப்பியரின் எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏவில், 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த எழுத்துமாற்றம் மிக அரிது. ஆனால் அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அவர்களுடைய பானைகளில் பால் கொழுப்பு படிந்திருக்கிறது. செரிக்காத பாலை அவ்வளவு காலம் குடித்தும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் இந்த மாற்றம் எதற்காகப் பரவியது? ஏறக்குறைய 7,000 பானைக் கொழுப்புத் தடயங்களைப் பண்டைய டிஎன்ஏவோடு ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளியானது. பஞ்சமும் தொற்றுநோயும் வந்த காலங்களே இந்த எழுத்தை முன்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. வயிறார உண்டவருக்கு ஒரு நாள் பேதி வெறும் சங்கடம். விளைச்சல் பொய்த்து, பால் தவிர வேறெதுவும் இல்லாமல், ஒட்டி உலர்ந்த உடம்புக்கு அதே பேதி எமன். நல்ல காலத்தில் ஒன்றாகவே இருந்த இருவரைப் பஞ்சம் பிரித்துவிடுகிறது.

மூச்சு வாங்காத மலை, மூச்சடக்கும் கடல்

கடல்மட்டத்தில் வாழும் நாம் 4,000 மீட்டர் உயரத்துக்குப் போனால், குறைந்த ஆக்சிஜனை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களை மேலும் மேலும் உற்பத்தி செய்யும். நாளாக ஆக ரத்தம் கெட்டியாகும்; இதயம் திணறும்; கர்ப்பிணிகளுக்கும் கருவுக்கும் ஆபத்து கூடும். திபெத்தியர்கள் அந்த உயரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களுடைய ஹீமோகுளோபின் அப்படித் தாறுமாறாக ஏறுவதில்லை. காரணம், ஈபாஸ்1 என்ற மரபணுவின் ஒரு வடிவம். 2010இல் வந்த ஆய்வில், அந்த மரபணுவில் உள்ள ஓர் எழுத்துமாற்றம் திபெத்தியரிடம் 87 சதவீதமும் ஹான் சீனரிடம் 9 சதவீதமும் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதன் பூர்விகமும் தெரியவந்தது. சைபீரியக் குகை ஒன்றில் கிடைத்த விரல் எலும்பின் மூலம் நாம் அறிந்துகொண்ட டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனம், நம் முன்னோருடன் கலந்தபோது விட்டுச்சென்ற சொத்து அது.

இது முடிந்துபோன கதையா? நேபாளத்தில் 3,500 மீட்டருக்கு மேல் வாழும் திபெத்திய வம்சாவளிப் பெண்கள் 417 பேரை மானுடவியலாளர் சிந்தியா பீல் குழுவினர் ஆராய்ந்து 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லாரும் பிள்ளைப்பேற்றுக் காலத்தைக் கடந்தவர்கள். அதிகக் குழந்தைகளை உயிரோடு பெற்றெடுத்தவர்களின் ஹீமோகுளோபின் அளவு கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை, நடுவாக இருந்தது. அந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனை நன்றாக ஏற்றிக்கொண்டது. நுரையீரலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் அதிகமாக இருந்தது. ரத்தத்தைக் கெட்டியாக்காமல் ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்ட உடல்கள் அவை. நம் காலத்தில் வாழும் பாட்டிகளின் பிள்ளைகளை எண்ணி எழுதப்பட்ட வாரிசுக் கணக்கு இது.

மலையிலிருந்து கடலுக்கு வருவோம். இந்தோனேசியாவின் சுலவேசிக் கடலோரத்தில் பஜாவ் மக்கள் மூச்சடக்கி மூழ்கி மீன் பிடிப்பவர்கள். முங்கியதும் மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும். அது உடம்புக்குள்ளேயே இருக்கும் ஆக்சிஜன் உருளை போன்றது. பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்தில் விவசாயம் செய்து வாழும் சாலுவான் மக்களுடையதைவிட ஏறக்குறைய 50 சதவீதம் பெரியது என்று மெலிசா இலார்டோவின் ஆய்வு 2018இல் காட்டியது. கடலில் முங்காத பஜாவ் மக்களிடமும் அது பெரிதாகவே இருந்தது. பயிற்சியால் வந்ததென்றால் முங்குபவர்களுக்கு மட்டும்தானே இருக்கும்? மண்ணீரலின் அளவோடு தொடர்புள்ள ஒரு மரபணு வடிவம் அவர்களிடம் கூடியிருந்ததும் தெரிந்தது.

பதிவேடுகள் பேசுகின்றன

மலையும் கடலும் கடுமையான இடங்கள். சாதாரண ஊர்களில் என்ன நடக்கிறது? அங்கே கைகொடுப்பவை பழைய பதிவேடுகள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே இல்-ஓ-கூத்ர் என்ற சிறு தீவு இருக்கிறது. அங்குள்ள தேவாலயம் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் விடாமல் எழுதிவைத்திருந்தது. 1799 முதல் 1940 வரை அங்கே மணமுடித்த பெண்களின் விவரங்களை ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். முதல் குழந்தை பெறும் வயது ஏறக்குறைய 26இலிருந்து 22ஆக இறங்கியிருந்தது. முன்னதாகவே தாயானவர்களுக்குப் பிள்ளைகள் அதிகம். அக்காள் தங்கை, ஒன்றுவிட்ட உறவு, தூரத்து உறவு என்று உறவுமுறைகளை ஒப்பிட்டபோது, இந்த வயதில் பரம்பரைக்கும் பங்கிருப்பது தெரிந்தது. நல்ல சாப்பாடு, பழக்கவழக்கம் போன்றவற்றின் பங்கைக் கழித்த பிறகும் ஒரு மரபு மாற்றம் மிஞ்சியது. வெறும் 140 ஆண்டுகளில், நவீன காலத்தில் நடந்த மாற்றம் அது.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கிய இதயநோய் ஆய்வும் உலகப் புகழ்பெற்றது. தலைமுறை தலைமுறையாக ஒரே ஊர் மக்களின் ரத்த அழுத்தம், கொழுப்பு, உயரம், எடை எல்லாம் அதில் பதிவாகின்றன. அந்தப் பதிவுகளில் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்து அலசிய ஸ்டீபன் ஸ்டியர்ன்ஸ் குழுவினர், இதே போக்கு பத்து தலைமுறைக்கு நீடித்தால் அந்த ஊர்ப் பெண்கள் சராசரியாக 2 சென்டிமீட்டர் குட்டையாகவும் ஒரு கிலோ கூடுதல் எடையோடும் இருப்பார்கள், கொழுப்பும் ரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்திருக்கும், மாதவிடாய் நிற்கும் வயது சற்றுத் தள்ளிப்போகும் என்று கணித்தார்கள். சின்னச் சின்ன எண்கள்தான். திரைப்படங்கள் காட்டும் பெரிய தலையும் மெலிந்த உடலும் கொண்ட எதிர்கால மனிதன் அந்தக் கணிப்பில் எங்கும் இல்லை.

அதே சமயம், கண்ணில் படும் எல்லா மாற்றமும் பரிணாமம் ஆகிவிடாது. தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் 20 சென்டிமீட்டர் கூடியது. மரபணு அவ்வளவு வேகமாக ஓடாது. அது சோற்றிலும் பாலிலும் மருந்திலும் வந்த உயரம். ஐந்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு ஞானப்பல்லாவது முளைக்காமலே போகிறது. ‘நாம் பயன்படுத்தவில்லை, அதனால் பல் மறைகிறது’ என்று பலர் சொல்கிறார்கள். பயன்படுத்தாததால் மட்டும் ஓர் உறுப்பு அடுத்த தலைமுறையில் குறைந்துவிடாது. பல் இல்லாதவர்கள் கூடுதல் வாரிசுகளை விட்டால்தான் அது பரவும். கொல்லனின் முறுக்கேறிய கை அவன் மகனுக்குப் பரம்பரையாக வருவதில்லை.

புதிய எழுத்துகள்

வாரிசுக் கணக்கு ஓட வேண்டுமானால் வேறுபாடுகள் வேண்டும். அவை எங்கிருந்து வருகின்றன? நாம் ஒவ்வொருவரும் பெற்றோரிடம் இல்லாத ஏறக்குறைய 60, 70 புதிய எழுத்துமாற்றங்களோடு பிறக்கிறோம். இவற்றைச் சடுதி மாற்றங்கள் என்கிறோம். பெரும்பாலானவை தந்தையின் விந்தணுக்கள் வழியே வருகின்றன. தந்தையின் வயது ஓராண்டு கூடினால் ஒன்றிரண்டு மாற்றங்கள் கூடும். அநேகமாக எல்லாமே நன்மையோ தீமையோ செய்யாமல் சும்மா இருப்பவை.

இதை இன்றைய மக்கள்தொகையோடு பெருக்கிப் பாருங்கள். உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 13 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன. தலைக்கு 70 என்றால் 900 கோடிக்கும் மேலான புதிய மாற்றங்கள். மனித மரபணுத் தொகுதியின் நீளம் 300 கோடி எழுத்துகள். அப்படியென்றால் அதன் ஒவ்வோர் எழுத்தும், சராசரியாக ஆண்டுக்கு மூன்று குழந்தைகளிடமாவது புதிதாக மாறுகிறது. வேட்டையாடித் திரிந்த காலத்தில், உலகம் முழுக்கச் சில பத்து லட்சம் பேரே இருந்தபோது, ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறுவதற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பரிணாமத்துக்கான மூலப்பொருள் முன்னெப்போதையும்விட அதிகமாகக் குவிந்து கிடக்கிறது.

தற்செயலும் முதுமையும்

எல்லா மாற்றமும் நன்மை தீமை பார்த்துப் பரவுவதில்லை. ஒரு சிறு கூட்டம் பிரிந்துபோய்த் தனக்குள்ளேயே மணம் முடித்து வாழ்ந்தால், தொடக்கத்தில் ஒரு முன்னோரிடம் தற்செயலாக இருந்த எழுத்து பல மடங்காகப் பெருகிவிடும். இதற்கு மரபியல் நகர்வு என்று பெயர். இந்தியாவில் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை வெவ்வேறு மக்கள் பரவலாகக் கலந்தார்கள். பிறகு அகமண முறை இறுகியது என்பதை டிஎன்ஏ காட்டுகிறது. ஆந்திரத்தின் வைசிய சமூகத்தில், தசைகளைத் தளர்த்த மயக்க மருந்து நிபுணர்கள் கொடுக்கும் ஒரு மருந்தை உடைக்கும் நொதி இல்லாதவர்கள் மற்ற இடங்களைவிட 100 மடங்கு அதிகம். வேறு எந்தக் குறையும் இல்லை. அறுவைச் சிகிச்சையின்போது அந்த மருந்தைக் கொடுத்தால் மூச்சுத்தசை நீண்ட நேரம் செயலற்றுப் போகும். முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து கொடுத்துவிடலாம். திருமண எல்லைகள் தளர்ந்து, பெருநகரங்களில் ஊர்கள் கலக்கும் இந்தக் காலத்தில், இருபக்கமும் ஒரே அரிய எழுத்து சந்திப்பது குறைகிறது. எந்தப் பதிவேட்டிலும் பரிணாமம் என்று எழுதப்படாத, நம் வீட்டுக் கல்யாணங்களிலேயே நடக்கும் பரிணாமம் அது.

முதுமையை வாரிசுக் கணக்கு ஏறக்குறைய கவனிப்பதே இல்லை. 2009இல் மதுரையிலும் ஹைதராபாத்திலும் பணியாற்றிய ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு, இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைச் சொன்னது. இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றில் நான்கு பேரிடம் இந்த விடுபடல் இருக்கிறது. இது இதயம் பலவீனமாகும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது. இவ்வளவு தீங்கான ஒன்று ஏன் ஒழியவில்லை? தொல்லை பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்து, அவர்களில் பாதிப் பேரிடம் அது போய்ச் சேர்ந்திருக்கும். மருத்துவர் கவலைப்படும் இந்த நோயை இயற்கைத் தேர்வு அநேகமாகப் பார்ப்பதே இல்லை.

காத்திருப்பது வழியல்ல

‘மருத்துவம் பலவீனர்களைப் பிழைக்கவைத்து மனித இனத்தைக் கெடுக்கிறது’ என்று அவ்வப்போது யாராவது சொல்வதைக் கேட்கிறோம். இந்தக் குரலின் வரலாறு கொடியது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907இலேயே ‘தகுதியற்றவர்’ என்று முத்திரை குத்தியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. 1933இல் நாஜி ஜெர்மனி அதே பாதையில் இறங்கிப் படுகொலையில் போய் முடிந்தது. இது அறத்தால் தவறு என்பதோடு, அறிவியலாலும் தவறு. தகுதி என்பது ஒருவரின் உடம்புக்குள் நிரந்தரமாக எழுதிவைத்த பட்டம் அல்ல. மலேரியா ஊரில் உயிர் காத்த அதே எழுத்து, கொசு இல்லாத ஊரில் வெறும் சுமை. கண்ணாடி அணிந்தவருக்குக் கிட்டப்பார்வை ஒரு குறையே இல்லை. மருத்துவம் கணக்கை மூடவில்லை. கணக்கு எழுதப்படும் சூழலை மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

இயற்கைத் தேர்வே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலேரியா முழுதும் ஒழிந்துவிட்டது, அரிவாள் செல் எழுத்து மக்களிடம் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது, நோய் கண்ட ஒருவர்கூடப் பிள்ளை பெறாமலே இறக்கிறார் என்று மிகக் கொடூரமான நிலையைக் கற்பனை செய்துகொள்வோம். அந்தப் பங்கு பாதியாகக் குறைய 10 தலைமுறை ஆகும். அதாவது 250 ஆண்டுகளுக்கு மேல். அதிலும் பாதியாக மேலும் 20 தலைமுறை. ஏனென்றால் அந்த எழுத்தின் பெரும்பகுதி, எந்த நோயும் இல்லாத கடத்திகளிடம் பத்திரமாக இருக்கிறது. முப்பது தலைமுறைக் குழந்தைகளின் வலியைக் கொடுத்தாலும் இயற்கை அதை ஒழித்துத் தராது.

மனிதர்கள் வேறு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கருவில் இருக்கும்போது நம் உடம்பு வேறு வகை ஹீமோகுளோபினை உருவாக்குகிறது. பிறந்த பிறகு அது அடங்கிவிடும். அந்தக் கரு ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாகத் தங்கினால் சிவப்பணு எளிதில் வளையாது. இந்தியாவில் அரிவாள் செல் உள்ள பலரிடம் அது இயல்பாகவே கூடுதலாக இருக்கிறது. அதனால் நோயின் வேகமும் பலருக்குத் தணிகிறது. ஹைட்ராக்சியூரியா என்ற விலை குறைந்த மாத்திரை அதே வேலையைச் செய்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டனும் அடுத்த மாதம் அமெரிக்காவும் அனுமதித்த கேஸ்கெவி என்ற சிகிச்சை, நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் மாற்றி, அடங்கிய கரு ஹீமோகுளோபின் மரபணுவை மறுபடியும் எழுப்புகிறது. விந்தணு, கருமுட்டையில் கை வைக்காததால் இந்தத் திருத்தம் பிள்ளைகளுக்குப் போகாது. விலை பல கோடி ரூபாய். அரிவாள் செல் சோகையை 2047க்குள் ஒழிக்கும் இலக்கோடு இந்திய அரசு 2023இல் தொடங்கிய இயக்கம் நம்பியிருப்பது பரிசோதனையையும் ஆலோசனையையும் மாத்திரையையும்தான்.

ஆகவே அந்த மேசைக்கே திரும்புவோம். ஒரு குழாயில் கோடுகள் மறைந்துவிட்டன. அந்த இளைஞரின் ரத்தம் ஆய்வகத்துக்குப் போய், அவர் கடத்தி மட்டுமே என்று முடிவு வருகிறது. அவருக்கு மருந்து எதுவும் தேவையில்லை. நாளை அவர் மணக்கப்போகும் பெண்ணும் கடத்தியானால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வரலாம் என்பதைச் சுகாதாரப் பணியாளர் அவருடைய மொழியில், அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். அவர் முன்னோர் எத்தனையோ மழைக்காலக் காய்ச்சல்களைத் தாண்டிப் பிழைத்ததற்கு இந்த எழுத்தும் ஒரு காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். நோய் உள்ள குழந்தைக்கு மாத்திரை தவறாமல் மலையேறிப் போய்ச் சேர வேண்டும். வாரிசுக் கணக்கு அதன்போக்கில் ஓடட்டும்; இந்தக் குழந்தை வலியில்லாமல் தூங்கி எழுவது நம் பொறுப்பு.